ஏறிக்கொண்டே போன தந்தி

வயலின் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் இளைய ஆசிரியர்கள் சிலர், முதல் தனிக் கச்சேரிக்குப் பிள்ளைகளை எப்படித் தயார் செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் ஏதோ தெளிவாகச் சொல்லுவேன் என்று நம்பிக் கேட்கிறார்கள், பாவம். இத்தனை வருஷத்தில் தெளிந்ததைவிட நான் குழம்பியதுதான் அதிகம். அதிலும் எஸ்தரின் கச்சேரிக்குக் குழம்பிய மாதிரி எதற்கும் குழம்பியதில்லை. அதையே எழுதிவிடுகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஏறக்கூடாத தந்தி

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ தொழிற்பேட்டையில் வேலை. அவர்களுக்கு ஷிப்ட் மாறினால் எனக்கு வகுப்பு நேரம் மாறும். பாட்டுப் பிள்ளைகளும் வயலின் பிள்ளைகளும் கலந்து உட்காருவதால் எல்லோருக்கும் ஒரே சுருதி, ஐந்து கட்டை. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வயலினாக வாங்கி நானே சுருதி சேர்த்துக் கொடுப்பேன்.

எஸ்தர் அப்போதுதான் பதினொன்றாவதில் சேர்ந்திருந்தாள். அப்பா உருக்காலையில் கிரேன் ஆபரேட்டர். அம்மா ரூபி ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். எஸ்தர் வாயாடிப் பெண்தான், ஆனால் வில்லைக் கையில் எடுத்துவிட்டால் அவளிடம் பேச்சு இருக்காது. திருவள்ளூரில் இளையவர்களுக்கு மேடை கொடுக்கும் ஒரு சபாவில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. ஒரு மணி நேரம், தனி வயலின், பக்கத்தில் மிருதங்கம் மட்டும். எங்கள் வகுப்பிலிருந்து அப்படி உட்காரப் போகும் முதல் பிள்ளை அவள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேதி தெரிந்த அன்று ரூபி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மிஸ், சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இவ நைனா ஒரே முடிவா கீறாரு. இந்த ஒரு கச்சேரி. தனியா குந்தி நல்லா வாசிச்சிட்டான்னா தொடர்ந்து வரட்டும். பேஜாராப் பூட்ச்சின்னா, பன்னெண்டாவது முடியிற வரைக்கும் வயலின லாஃப்ட்ல ஏத்திடலாம்னு சொல்றாரு."

லாஃப்ட்டில் ஏறிய வயலின் திரும்ப இறங்கி வந்ததை நான் பார்த்ததில்லை. "நல்லா வாசிப்பா" என்று மட்டும் ரூபியிடம் சொன்னேன்.

மறுவாரமே தனிப் பயிற்சி ஆரம்பித்தோம். கூட்டத்தோடு வாசிக்கும்போது ஒரு குறையும் தெரியாத பெண், தனியாக வர்ணத்தை முடித்துவிட்டு அடுத்த உருப்படிக்குப் போனபோது என் பல் கூசியது. வயலினை வாங்கிப் பார்த்தேன். நான்கு தந்தியும் பெட்டிச் சுருதிக்கு மேலே நின்றன. அதிகமில்லை, அரைக் கட்டையில் பாதிகூட இருக்காது. இறக்கிச் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த உருப்படிக்குள் மறுபடி ஏறியிருந்தது.

தந்தி இறங்கும். அது நம் தொழிலில் தினப்படி தலைவலி. வெயிலுக்கு இறங்கும், பஸ் குலுங்கினால் இறங்கும், தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் சர்ரென்று இறங்கும். தானாக ஏறிக்கொண்டே போகும் தந்தியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்று இரவு சாப்பாட்டில் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெலவாசியே ஏறுது, தந்தி ஏறக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

2. நான் செய்த வைத்தியங்கள்

முதலில் தந்திகளை மாற்றினேன். ஏறியது. தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்திருக்கிறதோ என்று நிமிர்த்தி வைத்தேன். ஏறியது. பிருடைக்குச் சாக்பீஸ் தடவினேன், ஏ.சி. இல்லாத என் மாடியில் ஜன்னலைச் சாத்திவைத்துப் பிள்ளைகளை வேகவைத்தேன். அப்போதும் ஏறியது. என் வயலினைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதுவும் ஏறியது! என் வயலின் எனக்கே துரோகம் செய்கிறதே என்று கோபம் வந்தது.

பிறகு ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்க் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். உருப்படி முடிந்ததும் எஸ்தர் காதைத் தந்தியருகே கொண்டுபோய், வாலில் இருக்கும் ஃபைன் டியூனர் திருகுகளை ஒவ்வொன்றாக ஒரு பொட்டு திருகினாள்.

"ஏய், எதுக்கு அதத் தொடுற?"

"எறங்கிக்கிச்சு மிஸ்."

"எங்க எறங்குச்சு? இப்பதான நான் சேத்துக் குடுத்தேன்!"

"இல்ல மிஸ். நீங்க குடுக்கும்போதே எறங்கித்தான் கீது. நான் எதுவும் சொல்லக் கூடாதுன்னு வாசிச்சிக்கினு இருந்தேன்."

திருடன் அகப்பட்டான், திருட்டுதான் புரியவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நான் கேட்கிறேன், சரியாக இருக்கிறது. அவள் கேட்கிறாள், இறங்கியிருக்கிறது என்கிறாள். காதில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, ரூபியிடம் மெதுவாகச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது, நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"காதுல அழுக்குகூட இல்லன்ட்டாரு மிஸ்" என்றாள் எஸ்தர், பரிசு வாங்கியவள் மாதிரி.

இன்னொரு குழப்பமும் இருந்தது. வீட்டில் வாசித்ததை அம்மாவின் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். அவ்வளவு சுத்தமாக இருக்கும். கல்யாணி ராகத்தை அவள் விரித்த விதத்தைக் கேட்டு நான் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன். வீட்டில் தேவதை மாதிரி வாசிக்கிற பெண்ணுக்கு என் மாடியில் என்ன பேய் பிடிக்கிறது? பயமா? என்மேல் வெறுப்பா? கேட்டேவிட்டேன்.

"ஐயோ, இல்ல மிஸ். ஊட்டுல தானா சேந்துக்குது. இங்க சேர மாட்டேங்குது. ஏன்னு எனுக்கும் தெரில."

3. "எந்த சத்தம்?"

கச்சேரி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போனது. ஒரு சனிக்கிழமை, என் சுருதிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கே கிளம்பினேன். தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஒரு இரும்புக் கம்பெனியின் மதிலை ஒட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. ரூபி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "நாஷ்டா துன்னுட்டுத்தான் வாசிப்பு" என்று உட்காரவைத்துவிட்டாள்.

பின்னறையில் எஸ்தர் உட்கார்ந்து தந்திகளைச் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தாள். அப்பழுக்கில்லை. சரி, இப்போது பார்ப்போம் என்று என் பெட்டியை ஐந்து கட்டையில் போட்டேன். போட்டதும் அறைக்குள் ஏதோ அலையடிக்க ஆரம்பித்தது. வாங்... வாங்... வாங்... இரண்டு சுருதிகள் கிட்டக் கிட்ட நின்று சேராமல் முட்டிக்கொண்டால் வரும் சத்தம் அது. எஸ்தர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்த பிறகும் நிற்கவில்லை. பெட்டியை நிறுத்தினேன், அலை நின்றது. ஆனால் அடியில் வேறு ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

"ரூபி, அது இன்னா சத்தம்?"

"எந்த சத்தம் மிஸ்?"

"ம்ம்ம்ம்னு ஒண்ணு. கேக்கலியா?"

ரூபி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஒண்ணும் கேக்கலியே. கொழா ஒழுவுதா?" என்று போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்தாள்.

நான் பின்கதவைத் திறந்து வெளியே போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம், கம்பெனியின் டிரான்ஸ்பார்மர்கள் கம்பிவேலிக்குள் வரிசையாக நின்றன. அங்கே நின்றால் அந்த ம்ம்ம்ம் உள்ளங்கால் வழியாக ஏறியது. உள்ளே வந்து, எஸ்தரின் வயலினில் கீழ் ஸட்ஜமத் தந்தியை மெதுவாக இழுத்தேன். வெளியே இருந்த ரீங்காரத்தோடு மயிரிழை பிசகாமல் ஒட்டிக்கொண்டது.

ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, இரவும் பகலும் நிற்காமல் ஒரு சுருதி. அவள் பிறந்ததே அந்த வீட்டில். அவள் காது அதைத்தான் ஸட்ஜமமாகப் பிடித்திருக்கிறது. பதிவு செய்யும்போது போனில் சுருதி ஆப் ஓடாது, வயலின் மட்டும் கேட்கும். அதனால்தான் எனக்கு எல்லாம் சுத்தமாகக் கேட்டிருக்கிறது.

நான் அந்தச் சத்தத்தை வாயால் முனகிக் காட்டியதும் எஸ்தர் கண்ணை விரித்தாள். "இதுவா மிஸ்? இது எப்பவும் கீறதுதான? இத யாராவது சத்தம்னு சொல்வாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, சரி. இனி என்ன செய்வது?

4. தெளிந்ததும் கெட்டது

பள்ளி விட்டதும் தினமும் நேராக என் மாடிக்கு வரச் சொன்னேன். வீட்டில் வயலினைத் தொடக் கூடாது, பெட்டிச் சுருதியோடு மட்டும் வாசிக்க வேண்டும், திருகுகளைத் தொட்டால் விரலை ஒடிப்பேன் என்றேன். புத்தகப்படி சரியான வைத்தியம். பிள்ளை முன்பைவிட மோசமானாள். முன்பு கொஞ்சம் மேலே வாசித்தாலும் உறுதியாக வாசித்தவள், இப்போது ஒவ்வொரு ஸ்வரத்திலும் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினால் வாசிப்பாள். ஆட்டாவிட்டால் நின்றுவிடுவாள். கல்யாணி ராகம் நொண்டியது.

ஒருநாள் வில்லைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"எது சேந்துக்கீது, எது சேரலன்னே எனுக்கு இப்ப தெரில மிஸ். முன்னாடி தெரிஞ்சிது."

கூப்பிட்டுப்போக வந்த ரூபி இதைப் பார்த்துவிட்டாள். கீழே போகும்போது படியில் நின்று, "வேணாம் மிஸ், உட்டுடலாம். அழுதுக்கினு இன்னாத்துக்கு வாசிக்கணும்? அவ நைனா கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பெட்டி சொல்வதே சுருதி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒரு ஸ்வரம்கூட இன்னொரு ஸ்வரத்தோடு பிசகவில்லை. முழு வயலினும் ஒரு பொட்டு மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அது அபஸ்வரமா? ஆம் என்றும் பட்டது, இல்லை என்றும் பட்டது.

மறுநாள் எஸ்தர் வந்ததும், "உன் காதுக்கு எப்படி வேணுமோ அப்படிச் சேத்துக்கோ" என்றேன். சேர்த்தாள். நான் பெட்டியின் ஃபைன் டியூன் பொத்தானை அழுத்தி அழுத்தி, சுருதியை அவள் வயலினுக்கு ஏற்றினேன். அலை அடங்கி இரண்டும் ஒட்டிய இடத்தில் விட்டேன். அவள் வர்ணத்தை ஆரம்பித்தாள். பாதியில் என் முகத்தைப் பார்ப்பதை மறந்துவிட்டாள்.

5. மிருதங்கக்காரரின் வழக்கு

பெட்டிக்குப் பொத்தான் இருக்கிறது, மிருதங்கத்துக்கு இல்லை. அதன் வலந்தலையைக் கல்லால் தட்டித் தட்டித்தான் ஏற்ற வேண்டும். வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தவர் கடம்பத்தூர் மாணிக்கம். நல்ல கை, கெட்ட வாய். விஷயத்தைப் போனில் சொன்னேன்.

"இன்னா டீச்சரம்மா, விளையாடுறீங்களா? ஐஞ்சுன்னா ஐஞ்சு. ஆறுன்னா ஆறு. ரெண்டுத்துக்கும் நடுவுல குந்திக்கினு கச்சேரி பண்றத இப்பதான் கேள்விப்படுறேன்."

"கொஞ்சம்தாண்ணே ஏத்தணும்."

"தோலு தெறிச்சா யாரு பொறுப்பு? சுருதிக்குப் பொண்ணு வரணும். பொண்ணுக்கு சுருதி வரக் கூடாது. ஊர்ல போய் சொன்னா சிரிப்பாங்க."

அவர் சொன்னதில் எனக்கும் பாதி சம்மதம்தான், ஆனாலும் கெஞ்சினேன். கடைசியில், "உங்களுக்காக வரேன், அவ்ளோதான்" என்று போனை வைத்தார்.

6. திருவள்ளூர்

ஆடி ஞாயிறு என்பதை யோசிக்காமல் பெரியபாளையம் வழியாக வேன் வைத்துவிட்டேன். அம்மன் கோயில் கூட்டத்தில், வேப்பிலையும் மஞ்சளுமாக நகர்ந்த ஜனங்களுக்கு நடுவில் வேன் ஊர்ந்தது. ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாணிக்கம் மேடையில் தயாராக உட்கார்ந்திருந்தார். எஸ்தர் கொடுத்த சுருதிக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே மிருதங்கத்தைத் தட்டி ஏற்றினார். நான் பெட்டியைச் சேர்த்து அவர் முழங்கால் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தேன். ரூபி என் பக்கத்தில். அவள் வீட்டுக்காரருக்கு ஷிப்ட், வரவில்லை.

வர்ணம் நன்றாகப் போனது. மோகனம் இன்னும் நன்றாக. கல்யாணி ஆலாபனையை அவள் பாதி விரித்திருந்தபோது கரண்ட் போனது.

மைக் போனது, ஃபேன் நின்றது, பெட்டியும் வாயை மூடிக்கொண்டது. ஆலாபனை என்பதால் மிருதங்கமும் இல்லை. அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு முனகல்கூட இல்லாத அமைதி. அவள் வாழ்நாளில் இப்படி ஒரு அமைதியைக் கேட்டிருப்பாளா என்று எனக்குத் திகீரென்றது. ரூபி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்தர் வில்லை நிறுத்தினாள். என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. விரல்களைத் தூக்கிவிட்டு, கீழ் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்து ஒரு நீண்ட வில் இழுத்தாள். அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ராகத்தைத் தொடர்ந்தாள். மைக் இல்லாததால் பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

அவள் மேல் ஸ்தாயியில் நின்றபோது கரண்ட் வந்தது. எனக்கு அப்போதுதான் சுரீரென்றது. என் பெட்டிக்குக் கரண்ட் போனால் ஞாபகமும் போய்விடும். திரும்ப வந்தால் பழைய ஐந்து கட்டையில்தான் ஆரம்பிக்கும். அப்படியே ஆரம்பித்தது. வாங்... வாங்... மைக்கில், ஊருக்கே கேட்கும்படி. வாசிக்கிறவள் தப்பு, பெட்டி சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ரூபிக்கே முகம் செத்துவிட்டது. நான் எழுந்தேன். முன்னால் வந்திருந்த நாற்காலிகளுக்கு நடுவில் வழி கிடைக்கவில்லை.

எஸ்தர் தன் இடத்தை விடவில்லை, இறங்கவில்லை. மாணிக்கம் ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை பெட்டியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினார். வலந்தலையில் ஒரே ஒரு தட்டு தட்டி அவளுக்குச் சுருதி காட்டினார். "வாசிம்மா" என்று அவர் வாய் அசைந்தது. மிச்சக் கச்சேரி பெட்டியே இல்லாமல் நடந்தது. தனி ஆவர்த்தனத்தில் மனுஷன் அன்று வாசித்ததைப் போல நான் கேட்டதில்லை.

முடிந்து கீழே வந்ததும் நன்றி சொல்லப் போனேன். "தோலு தெறிக்கல" என்றார். "ஆனா நான் சொன்னது சொன்னதுதான் டீச்சரம்மா. சுருதிக்குத்தான் பொண்ணு வரணும்."

"அப்ப எதுக்குப் பொட்டிய அணைச்சீங்க?"

அவர் மிருதங்கத்துக்கு உறை மாட்டி முடித்தார். "தெரில" என்றார்.

வேனில் எஸ்தர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேன் பெரியபாளையம் தாண்டியது. என்ன முடிவு என்று கேட்க எனக்குப் பயம். ரூபி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"லாஃப்ட்ல பழைய சாமானே ரொம்பிக் கெடக்குது மிஸ். வயலினுக்கு எடம் இல்ல. அவ நைனா கிட்ட அப்படியே சொல்லிடப்போறேன்."

எஸ்தரின் வயலினை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இதில் கற்றது என்னவென்று கேட்டால், தந்தி மாற்றுவதற்கு முன்னால் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை போங்கள். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பைத்தியம் என்று நினைப்பார்கள், பரவாயில்லை. அதற்கு மேல் எது சரியான சுருதி, பிள்ளையை ஏற்ற வேண்டுமா பெட்டியை ஏற்ற வேண்டுமா என்றெல்லாம் கேட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது. எஸ்தர் இப்போது இரண்டு சுருதியிலும் வாசிக்கிறாள். வகுப்பில் பெட்டிக்கு, வீட்டில் வீட்டுக்கு.

போன வாரம் வகுப்பில் அவளிடம் கொஞ்சம் பெருமையாகவே, "உன் காத நான் கண்டுபிடிச்சேன் பாத்தியா" என்றேன். அவள் வில்லுக்கு ரோசின் தடவிக்கொண்டே, "மிஸ், திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

"இந்த ஃபேன் ரெண்டாம் நம்பர்ல ஓடுறப்பல்லாம் நீங்க கொஞ்சம் எறங்கித்தான் வாசிக்கிறீங்க. நான் சேந்ததுலேந்து அப்படித்தான்."

எழுந்து ஃபேனை ஒருமுறை அணைத்து, ஒருமுறை இரண்டில் போட்டு, வயலினை எடுத்துத் தந்தியை இழுத்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் ஒன்றும் கேட்கவில்லை.